பெல்ட் விற்க ஏழு மெயில்: ஆம்பூர்ப் பட்டறைக்குத் தானியங்கி மெயில் பாடம் அமைத்த விவரம்

ஆம்பூரில் எங்கள் அண்ணன், பெரியப்பா மகன், ஒரு சின்னத் தோல் பட்டறை வைத்திருக்கிறார். பெல்ட், மணிபர்ஸ், சாவிப் பை. முன்பெல்லாம் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் மட்டும்தான், இப்போது சொந்தமாக ஒரு இணையக் கடையும் இருக்கிறது. அந்தக் கடைக்கு நான் வேலூரில் இருந்தபடியே ஒரு மெயில் பாடம் அமைத்துக் கொடுத்தேன். கடையின் பக்கத்தில் பெயரும் மெயில் முகவரியும் கொடுப்பவருக்கு, தோல் பொருளை எப்படிப் பார்த்து வாங்குவது என்று ஏழு மெயில், ஒருநாள் விட்டு ஒருநாள், தானாகப் போகும். முதல் ஐந்தில் எங்கள் சரக்கைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. குடியாத்தம் லுங்கி, ஆரணிப் பட்டு, கரிகிரி மண்பாண்டம் என்று நம் பக்கத்தில் நல்ல சரக்கு வைத்துக்கொண்டு ஆன்லைனில் விற்கத் திணறுகிறவர்கள் நிறையப் பேர் இருப்பதால், செய்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

இந்தப் பேச்சை எடுத்தாலே முதல் கேள்வி "எந்த சாஃப்ட்வேர்?" என்பதுதான். அது கடைசியில் பார்க்க வேண்டியது. முதலில் வேண்டியது கேள்விகள். வாங்க வருகிறவர் காசு கொடுப்பதற்கு முன்னால் எங்கே நின்று யோசிக்கிறார், எதைக் கேட்டுவிட்டு அப்புறம் பதிலே போடாமல் போகிறார் என்பது தெரியாமல் எந்த மெயிலை எழுதினாலும் அது நோட்டீஸ்தான். நாங்கள் கடை போனில் வந்த வாட்ஸ்அப் பேச்சு முழுவதையும் உட்கார்ந்து படித்தோம், கூரியரில் திரும்பி வந்த பெல்ட்டுகளுக்கு என்ன காரணம் எழுதியிருந்தார்கள் என்றும் பார்த்தோம். திரும்பத் திரும்ப வந்தது சில கேள்விகள்தான்: இது ஒரிஜினல் லெதரா, ரெக்சின் மாதிரி உரியுமா, நான் 34 பேண்ட் போடுகிறேன் எனக்கு எந்த சைஸ், மழையில் நனையலாமா, வேறு இடத்தில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே உங்களுடையது ஏன் இந்த விலை. பெரும்பாலும் இந்தக் கேள்விகளுக்கான பதில்கள்தான் நடுவில் வரும் மெயில்கள் ஆயின. பாடத்திட்டம் என்று தனியாக நாங்கள் யோசிக்கவே இல்லை.

வாட்ஸ்அப்பிலேயே அனுப்பிவிடலாமே என்று அண்ணன் கேட்டார், நியாயமான கேள்விதான். ஆனால் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் ஒரு பட்டியலுக்கு 256 பேர்தான், அதுவும் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்தவருக்கு மட்டும்தான் போய்ச் சேரும். புதிதாகக் கடைக்கு வந்தவர் நம் எண்ணைச் சேமித்திருக்க மாட்டார். அதோடு பெல்ட் அளவு எப்படி எடுப்பது என்ற விஷயம் அவருக்கு இன்றைக்கே தேவைப்படாது, மூன்று மாதம் கழித்துத் தேவைப்படும்போது தேடினால் கிடைக்க வேண்டும். மெயிலில் அது கிடைக்கும். வாட்ஸ்அப்பில் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் எங்கேயோ போயிருக்கும். எங்களிடம் வாங்குகிறவர்கள் பெரும்பாலும் சென்னையிலும் பெங்களூரிலும் ஆபீஸ் வேலையில் இருப்பவர்கள், நாள் முழுக்க மெயில் திறந்தே வைத்திருக்கிறவர்கள் என்பதும் ஒரு காரணம்.

சரி, எழுத்து. முதல் மெயில் உடனே போகிறது. அதில் ஒரு நன்றி, இந்த ஏழு மெயிலில் என்னென்ன வரும் என்று இரண்டு வரி, அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "என்ன வாங்கலாம் என்று பார்க்கிறீர்கள், யாருக்கு?" இதற்குப் பதில் எழுதினால் அது நேராக அண்ணன் மெயிலுக்கு வரும். இந்த இடத்தில் பதில் எழுத முடியாத முகவரியை வைக்கிறவர்களை எனக்குப் புரியவே இல்லை. வாடிக்கையாளர் தானாக முன்வந்து பேசுகிற ஒரே இடம் அதுதான். ஒருவர் பதில் போட்டுவிட்டால், நம்முடைய அடுத்த மெயில்கள் அவருடைய இன்பாக்ஸில் ஒழுங்காக விழுவதற்கும் அது உதவுகிறது.

இரண்டாவது மெயில்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. தோலா ரெக்சினா என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதற்கு நான் முதலில் பட்டறை கட்டிங் மாஸ்டரிடம் போய் உட்கார்ந்தேன். அவர் சொன்னது: "தம்பி, மேல் பக்கத்தக் காட்டாத. மேல இன்னா டிசைன் வேணாலும் அச்சடிக்கலாம். வெட்டுன பக்கத்தக் காட்டு." அப்படிச் சொல்லிவிட்டு கழிவுத் துண்டு மூன்றை எடுத்து, கத்தியைச் சாய்த்து ஒரே இழுப்பில் வெட்டி, ஜன்னல் ஓரம் வரிசையாக வைத்தார். முழுத் தோலில் மேலே நெருக்கமாகவும் கீழே போகப்போகத் தளர்வாகவும் நார் தெரிந்தது. ஒட்டுத் தோலில், அதாவது தோல் தூளை அரைத்துப் பசை போட்டுத் தட்டையாக்கியதில், நார் ஓட்டமே இல்லை, அட்டையை வெட்டியது போல ஒரே சீராக இருந்தது. ரெக்சினில் மேலே ஒரு பிளாஸ்டிக் படலம், அடியில் துணி. போன் கேமராவில் கிட்டத்தில் வைத்து எடுத்த அந்த ஒரு படம்தான் இரண்டாவது மெயில். கூடவே, சில பொருள்களில் 'ஜெனுவின் லெதர்' என்று அச்சிட்டிருப்பார்கள், அது தோல் என்பதற்கு மட்டும்தான் உத்தரவாதம், தோலின் எந்த அடுக்கு என்பதற்கு இல்லை, மேல் அடுக்கை உரித்தபின் மிஞ்சும் அடித் தோலில் (ஸ்ப்ளிட் என்பார்கள்) பூச்சு அடித்ததும் அதே பெயரில் வரலாம் என்று எழுதினோம். ரெக்சின் ஏன் உரிகிறது என்பதும் அதிலேயே வந்துவிட்டது: பாலியூரித்தேன் படலம் காற்றிலுள்ள ஈரத்தில் மெல்ல மெல்லச் சிதைகிறது, பீரோவில் சும்மா வைத்திருந்தாலும் உரியும். இது பலருக்குப் புதுச் செய்தி. பத்திரமாக வைத்திருந்தும் உரிந்துவிட்டதே என்று வருத்தப்பட்டவர்கள் பதில் எழுதினார்கள்.

மூன்றாவதில் குரோம் தோல், பட்டைத் தோல் வித்தியாசம். ஆவாரம்பட்டையும் கடுக்காயும் வைத்துப் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய முறை, ஈஸ்ட் இந்தியா தோல் என்று வெளிநாட்டுக்குப் போனது அதுதான். வாரக்கணக்கில் ஆகும், தோல் கட்டியாக, பழுப்பாக வரும், புழங்கப் புழங்க நிறம் ஆழமாகும். குரோமிய உப்பில் பதனிட்டால் ஓரிரு நாளில் முடியும், தோல் மெத்தென்று இருக்கும், தண்ணீர்க் கறையும் அவ்வளவு சீக்கிரம் பிடிக்காது. அந்தக் கட்டத்தில் தோல் நீல நிறத்தில் இருப்பதால் 'வெட் ப்ளூ' என்பார்கள், சில பர்ஸை வெட்டிப் பார்த்தால் நடுவில் சாம்பல் நீலக் கோடு தெரிவதும் அதனால்தான். எது நல்லது என்று நாங்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. பெல்ட்டுக்குப் பட்டைத் தோல், மெல்லிய பர்ஸுக்குக் குரோம் என்று எதற்கு எது ஒத்துவரும் என்பதை மட்டும் சொன்னோம்.

நான்காவது அளவு மெயில். கடைக்கு நேரடியாகப் பணம் மிச்சம் பிடித்துக் கொடுத்தது இதுதான். பேண்ட்டில் 34 என்று போட்டிருப்பதை நம்பி 34 பெல்ட் வாங்குகிறார்கள். ஆனால் நிறைய பிராண்டுகளில் அந்தச் சீட்டு அளவும் நிஜ இடுப்பளவும் ஒன்றாக இருப்பதில்லை, பேண்ட் இடுப்பில் எவ்வளவு கீழே நிற்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் பேண்ட்டை மறந்துவிட்டு, இப்போது போடுகிற பெல்ட்டை மேஜை மேல் நீட்டி வைத்து, பக்கிளில் தோல் மடிகிற இடத்திலிருந்து, அதாவது ஊசி பொருந்தியிருக்கும் இடத்திலிருந்து, தினமும் குத்துகிற ஓட்டை வரைக்கும் டேப்பில் அளக்கச் சொன்னோம். பக்கிள் நுனியிலிருந்து அளந்தால் கூடுதலாக வரும், பெல்ட்டின் கடைசி நுனி வரைக்கும் அளந்தால் இன்னும் தப்பாகும். அந்த அளவு புதுப் பெல்ட்டின் நடு ஓட்டையில் வர வேண்டும், ஐந்து ஓட்டையில் மூன்றாவது. அகலத்தையும் சேர்த்துச் சொன்னோம், ஆபீஸ் பேண்ட்டுக்கு 35 மில்லிமீட்டர், ஜீன்ஸுக்கு 40. படம் ஒன்று, நாலு வரி. இந்த மெயிலைப் படித்துவிட்டு ஆர்டர் போடுகிறவர்கள் குறிப்புப் பகுதியில் "அளந்து பார்த்தேன், 37 அங்குலம்" என்று எழுதுகிறார்கள், அளவு சரியில்லை என்று திரும்பி வருவது கண்ணுக்குத் தெரியக் குறைந்துவிட்டது.

ஐந்தாவது, மழையும் பூஞ்சையும். நனைந்தால் துடைத்து நிழலில் காய விடுங்கள், வெயிலிலோ ஹீட்டர் பக்கமோ வைத்தால் எண்ணெய்ப் பசை போய் வெடிக்கும், பிளாஸ்டிக் கவரில் கட்டி வைக்காதீர்கள், துணிப் பையில் வையுங்கள். தேங்காய் எண்ணெய் தடவலாமா என்று எல்லாருமே கேட்பதால் அதற்கும் பதில் உண்டு: நிறம் கருக்கும், அதிகமானால் பெல்ட் தொளதொளத்துவிடும், வேண்டாம்.

ஆறாவதில்தான் பட்டறை உள்ளே வருகிறது. பெல்ட் வாரை முதுகுப் பகுதியிலிருந்து வெட்டுகிறோம், வயிற்றுப் பகுதித் தோல் மலிவு, ஆனால் இழுத்தால் நீளும், ஆறு மாதத்தில் ஓட்டை முட்டை வடிவமாகிவிடும். விலையில் தோல் எவ்வளவு, பக்கிள் எவ்வளவு, கூலி எவ்வளவு, கூரியர் எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொன்னபோது அண்ணன் தயங்கினார். "இத்தெல்லாம் வெளிய சொல்லணுமாப்பா?" என்றார். சொல்லத்தான் வேண்டும் அண்ணா என்று நான் பிடிவாதமாக நின்றேன், ஏனென்றால் விலை ஏன் இவ்வளவு என்று கேட்பவருக்குத் தரம், பாரம்பரியம் என்றெல்லாம் சொன்னால் அது பதில் இல்லை. கணக்குதான் பதில். ஏழாவது மெயில் சின்னது: இதெல்லாம் படித்தபின் வாங்க நினைத்தால் இதோ கடை, இதோ ஒரு சலுகை, பத்து நாள் வரை செல்லும். பத்து நாள் என்றால் நிஜமாகவே பத்து நாள்தான், பதினோராவது நாள் அந்தக் கூப்பன் வேலை செய்யாது. முடியாத கடிகாரத்தை ஓடவிட்டு அவசரப்படுத்துகிற வேலை வேண்டவே வேண்டாம் என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டோம்.

இனி எந்திர வேலை. முதல் நிபந்தனை சொந்த டொமைன் முகவரி, அதாவது கடையின் இணையப் பெயரிலேயே முடியும் மெயில் முகவரி. ஜிமெயில் முகவரியை அனுப்புநராகப் போட்டு வேறு ஒரு சேவை வழியாகக் கொத்தாக அனுப்பினால் போலி என்று கருதி ஸ்பாமில் தள்ளிவிடும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இதில் கண்டிப்பாகிவிட்டார்கள். எல்லாருக்கும் எஸ்பிஎஃப் (இந்த டொமைன் பெயரில் எந்தெந்தச் சேவை மெயில் அனுப்பலாம் என்ற பதிவு) அல்லது டிகிம் (மெயிலில் ஏறும் டிஜிட்டல் கையெழுத்து) இருக்க வேண்டும், ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புபவர் இரண்டையும் வைத்து, டிமார்க்கும் (இந்தச் சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்ற அறிவிப்பு) வைத்து, ஒரே சொடுக்கில் விலகும் வசதியும் கொடுக்க வேண்டும். நாம் 5000 அனுப்பப் போவதில்லை, இருந்தாலும் எல்லாவற்றையும் செய்துவிடுங்கள். அரை நாள் வேலைதான், அப்புறம் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

இதில் நம் ஊர்க் கடைகளின் டொமைனில் நான் அடிக்கடி பார்க்கும் ஒன்று: எஸ்பிஎஃப் பதிவு இரண்டு இருக்கும். வெப்சைட் செய்து கொடுத்தவர் ஆபீஸ் மெயிலுக்காக ஒன்று போட்டிருப்பார், மெயில் அனுப்பும் சேவை கேட்டது என்று இன்னொன்று சேர்ந்திருக்கும். ஒரு டொமைனுக்கு எஸ்பிஎஃப் ஒன்றுதான் இருக்கலாம், இரண்டு இருந்தால் இரண்டுமே செல்லாது. இரண்டு சேவைகளின் பெயரையும் ஒரே வரியில் சேர்த்து, மற்றதை அழித்துவிட வேண்டும். அந்த ஒரு வரிக்குள்ளும் அளவு உண்டு, அதைச் சரிபார்க்கப் பத்துக்கு மேல் டிஎன்எஸ் தேடல் (டொமைன் விவரப் பதிவேட்டில் தேடுவது) தேவைப்படக் கூடாது. டிமார்க்கை முதலில் 'ஒன்றும் தடுக்காதே, அறிக்கை மட்டும் அனுப்பு' என்ற நிலையில் வைத்து, அறிக்கைகளில் எல்லாம் சரியாக வருகிறது என்று தெரிந்தபின் இறுக்குங்கள். சரியாக அமைந்ததா என்று பார்க்க, உங்கள் ஜிமெயிலுக்கே ஒன்று அனுப்பி, மூன்று புள்ளியை அழுத்தி 'ஷோ ஒரிஜினல்' போனால் மூன்றுக்கும் நேராக 'பாஸ்' என்று இருக்கும். ஒன்றில் இல்லாவிட்டாலும் பாடத்தைத் திறக்காதீர்கள்.

சேவை எது என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. ஜோஹோ கேம்பெய்ன்ஸ், மெயிலர்லைட், பிரெவோ எதுவானாலும் சரி. இலவசத் திட்டத்தில் தானியங்கி வரிசை இருக்கிறதா, 'வாங்கியவர்' என்று ஒரு குறி வைத்து அதைப் பார்த்து வழி பிரிக்க முடிகிறதா என்று மட்டும் பாருங்கள். இரண்டாவது ரொம்ப முக்கியம். மூன்றாவது மெயிலிலேயே ஒருவர் பெல்ட் வாங்கிவிட்டால், அவருக்கு ஏழாவது மெயிலில் சலுகை போகக் கூடாது. நேற்று முழு விலை கொடுத்தவருக்கு இன்றைக்குத் தள்ளுபடி என்று மெயில் போனால் அவர் மனசு எப்படி இருக்கும்? எங்கள் அமைப்பில் கடையில் ஆர்டர் விழுந்த உடனே குறி ஏறும், பாடம் மட்டும் தொடர்ந்து போகும், ஏழாவது போகாது, அதற்குப் பதில் பராமரிப்பு மெயில் போகும்.

அப்புறம் நேர மண்டலம். கணக்கு அமெரிக்க நேரத்தில் இருந்தால், காலை ஏழு மணி என்று நீங்கள் வைத்தது இங்கே சாயங்காலம்தான் வரும். அமைப்புகளில் போய் இந்திய நேரம் என்று மாற்றியபின்தான் வரிசையைத் தொடவே வேண்டும்.

பெயர்ப் பெட்டி நமக்கே உரிய சிக்கல். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு பெட்டி வைத்தால் நம்மவர்கள் இனிஷியலை முதல் பெட்டியில் போட்டுவிடுவார்கள், மெயில் "வணக்கம் எஸ்" என்று போகும். ஒரே பெட்டி வைத்து, மேலே "உங்களை எப்படி அழைக்கலாம்?" என்று எழுதினோம். அவர்களே அழகாக எழுதுகிறார்கள், சிலர் 'அக்கா' 'சார்' எல்லாம் சேர்த்தே எழுதுகிறார்கள், அதுவும் நல்லதுதான். காலியாக விட்டவருக்கு வெறும் "வணக்கம்" மட்டும் போகும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழில் எழுதுவதால் வருகிற இன்னொன்றும் உண்டு. ஜிமெயில் 102 கிலோபைட்டுக்கு மேல் போனால் மெயிலை வெட்டிவிடும், அடியில் இருக்கும் விலகும் இணைப்பு மறைந்துபோகும், விலக வழி தெரியாதவர் ஸ்பாம் பொத்தானை அழுத்துவார். யுனிகோடில் ஒரு தமிழ் எழுத்துக்குறி மூன்று பைட், ஆங்கிலத்தில் ஒன்றுதான். அதனால் ரெடிமேட் டிசைன் எதையும் எடுக்காமல் வெறும் எழுத்தும் ஒரு படமுமாக வைத்தோம். பார்க்கவும் அண்ணனே உட்கார்ந்து எழுதியது மாதிரி இருக்கிறது. படிவத்திலேயே தமிழா ஆங்கிலமா என்று கேட்டு, இரண்டு வரிசை ஓட்டுகிறோம். நீண்ட பதில்கள் தமிழ் வரிசையிலிருந்துதான் அதிகம் வருகின்றன.

முகவரி எங்கிருந்து வருகிறது? கடைப் பக்கத்துப் படிவம், பார்சலுக்குள் வைக்கும் சின்ன அட்டையில் கியூஆர், கண்காட்சியில் ஸ்டால் போட்டால் மேஜை மேல் அதே கியூஆர். ஆர்டர் பக்கத்தில் ஒரு டிக் பெட்டியும் உண்டு, முன்கூட்டியே டிக் அடித்து வைக்காத பெட்டி. பழைய பில்களில் இருந்த முகவரிகளை எல்லாம் ஏற்றிவிடலாமே என்று யோசனை வந்தது, வேண்டாம் என்றேன். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் தெளிவான சம்மதம் கேட்கிறது, சம்மதம் கொடுத்தது எவ்வளவு எளிதோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், கேட்காதவருக்குப் பாடம் நடத்துவது மரியாதை இல்லை.

பலன் பார்ப்பதில் ஒன்று. எத்தனை பேர் திறந்தார்கள் என்ற சதவீதத்தை நம்பாதீர்கள். 2021 செப்டம்பரில் ஆப்பிள் தன் மெயில் செயலியில் தனியுரிமைப் பாதுகாப்பு கொண்டுவந்தபின், ஆள் திறக்காமலே திறந்ததாகக் கணக்கு ஏறுகிறது. நாங்கள் பார்ப்பது பதில்கள், இணைப்பை அழுத்தியவர்கள், ஆர்டர், விலகியவர்கள். எந்த மெயிலுக்குப் பின் விலகுகிறார்கள் என்று பார்த்துத்தான் மூன்றாவது மெயிலைச் சுருக்கினோம், முதலில் அது வேதியியல் வகுப்பு மாதிரி நீளமாக இருந்தது. ஸ்பாம் புகார் விகிதம் 0.1 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 0.3-ஐ ஒருபோதும் தொடக் கூடாது என்பது கூகுளின் அளவு.

மூன்றாவது மெயிலுக்கு நாங்கள் எதிர்பார்க்காத ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: பாலாறு. உங்கள் தோல் எந்தத் தண்ணீரில் பதனிட்டது, அந்தத் தண்ணீர் எங்கே போனது? அண்ணன் இதற்குப் பதிலே போட வேண்டாம், வம்பு என்றார். நான் வேறு மாதிரி நினைத்தேன். பாலாற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவன் இதைக் கேட்காமல் இருந்தால்தான் தப்பு. அதனால் தனியாக ஒரு மெயில் எழுதினோம். தோல் கழிவு நம் நிலத்தடி நீரைக் கெடுத்தது உண்மை, வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது, பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் சேராத டேனரிகள், அதாவது தோல் பதனிடும் ஆலைகள், நடக்கக் கூடாது என்றானது. இவ்வளவையும் மறைக்காமல் எழுதி, நாங்கள் பதனிடுவதில்லை, பதனிட்ட தோலை வாங்குகிறோம், வாங்கும் டேனரியின் கழிவுநீர் பொது நிலையத்துக்குப் போகிறதா என்று கேட்டுத் தெரிந்துதான் வாங்குகிறோம் என்று முடித்தோம். இது எல்லாருக்கும் போகாது, மூன்றாவது மெயிலின் அடியில் "பாலாறு பற்றி" என்ற இணைப்பை அழுத்தியவருக்கு மட்டும் மறுநாள் போகும். அதைப் படித்துவிட்டு எழுதியவர்களில் சிலர் கடுமையாகவே எழுதினார்கள், அண்ணன் ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே பதில் எழுதினார். இந்தப் பதில்களைத் தானியங்கியாக்க நான் விடவில்லை.

இப்போது நடந்துகொண்டிருப்பது வாங்கியவர்களுக்கான வரிசை. பொருள் போய்ச் சேர்ந்த பிறகு புதுப் பெல்ட் முதல் சில நாள் ஏன் விறைப்பாக இருக்கும் என்று ஒன்று, அக்டோபர் மழைக்கு முன்னால் பூஞ்சை பற்றி ஒன்று, ஒரு வருடம் கழித்துத் தையல் விட்டிருந்தால் அனுப்புங்கள், தைத்துத் தருகிறோம் என்று ஒன்று. கடைசியாகச் சொன்னதற்குக் கூரியர் செலவு யார் பக்கம் என்பதை அண்ணன் முடிவு செய்ததும் அதையும் ஓடவிட்டுவிடுவோம்.